ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன மதிப்பு? – கோவைத் தொழில்களைப் பார்ப்போம்



மில்லுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் சொல்கிற ஒரு வார்த்தை “புரொடக்‌ஷன்”. “இன்னைக்கு புரொடக்‌ஷன் வரலைம்மா, சூப்பர்வைசர் சத்தம் போட்டுட்டாரு” என்பார்கள். நம் குழு தொழில் கடன் கேட்டுப் போனால் வங்கி அதிகாரி, “ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி போடுவீங்க?” என்று கேட்கிறார். பேப்பரில் “தொழிலாளர் உற்பத்தித்திறன்” என்று பெரிய வார்த்தையாகப் போடுகிறார்கள். மூன்றும் ஒரே விஷயம்தான். ஒரு ஆள், ஒரு மணி நேரத்தில், எவ்வளவு மதிப்புள்ள வேலையை முடிக்கிறார் என்கிற கணக்கு அது.

இந்தக் கணக்கைத் தொழில்வாரியாகப் போட்டால் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் மேலே இருப்பார். தையல், அப்பளம், துப்புரவு, வீட்டு வேலை என்று நம் பெண்கள் செய்கிற வேலை எல்லாம் அடியில் இருக்கும். “நமக்கு அவ்வளவுதாங்க திறமை, படிப்பும் இல்லை” என்று நம் உறுப்பினர்களே கூட்டத்தில் பேசுகிறார்கள். இதை நாம் அப்படியே விடக்கூடாது. அந்தக் கணக்கு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் மில்லில் பிள்ளை திட்டு வாங்கும்போதும், குழு மிஷின் வாங்கும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி நமக்கே தெரிந்துவிடும்.

நம் பக்கத்து நகரமான கோவையையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாலை, பம்புசெட், கிரைண்டர், நகைப் பட்டறை, ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி எல்லாம் ஒரே ஊரில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

விற்ற பணம் வேறு, மதிப்பு வேறு

கோவை நகைப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். ஒரு பட்டறையில் ஒருவர் 10 லட்ச ரூபாய் தங்கத்தை வாங்கி, நகையாக்கி, 10 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொடுக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விற்பனையைப் பார்த்தால் ‘அடேயப்பா, ஒரே ஆள் பத்து லட்சத்துக்கு மேல் உற்பத்தி பண்ணிட்டாரே’ என்று தோன்றும். ஆனால் தங்கம் அவர் உண்டாக்கியது இல்லை. அவர் கை சேர்த்தது 40 ஆயிரம். அதிலும் கரி, கேஸ், கரண்டு, சேதாரம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் அந்தப் பட்டறை கூட்டிய மதிப்பு. உற்பத்தித்திறன் கணக்கு போடும்போது எடுக்க வேண்டியது இந்த மிச்சத்தைத்தான்.

நம் அப்பளக் குழுவுக்கும் இதே கணக்குத்தான். 5 பேர் ஆளுக்கு 5 மணி நேரம் உட்கார்ந்து 3,000 ரூபாய்க்கு அப்பளம் விற்றார்கள் என்று வைப்போம். உளுந்து மாவு, எண்ணெய், உப்பு, அப்பளக்காரம், கவர், பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். மிச்சம் 1,100. மொத்த உழைப்பு 25 மணி நேரம். அப்போது ஒரு மணி நேரத்துக்கு 44 ரூபாய். நிறையக் குழுக்கள் “மூவாயிரத்துக்கு வித்தோம்” என்று மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகின்றன. 25 மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. நம் நேரத்துக்குக் காசில்லை என்ற பழக்கம் அப்படி.

பஞ்சாலையில் எப்படி அளக்கிறார்கள்?

கோவையில் பஞ்சாலை வந்தது 1880களின் கடைசியில். ஆனால் மில்கள் பெருகியது 1930களில். பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான் அது நடந்தது. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று என்று இரண்டும் முன்பிருந்தே இருந்தன. கரண்டு வந்ததும் ஒரு தொழிலாளி ஒரு நாளில் நூற்கிற நூல் எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலத்து ஆட்களுக்குத் திடீரென்று கை வேகம் வந்துவிடவில்லை.

மில் கணக்கில் ஒரு அளவு உண்டு. 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு ‘எச்.ஓ.கே.’ என்று பெயர். இது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது மில்காரர் கணக்கு. கோவையில் 1956ல் தொடங்கிய ‘சிட்ரா’ என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இப்படிப்பட்ட அளவுகளை வைத்து மில்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்து வருகிறது.

உதாரணத்துக்கு, ஒரு மில்லில் ஒரு ஷிப்டுக்கு 200 பேர், 8 மணி நேரம், 8,000 கிலோ நூல். மொத்தம் 1,600 ஆள்-மணி நேரம். 100 கிலோவுக்கு 20 மணி நேரம் ஆகிறது. இப்போது முதலாளி கோன் வைண்டிங்குக்குத் தானியங்கி மிஷின் போடுகிறார். முன்பு நூல் அறுந்தால் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டார்கள். இந்த மிஷின் காற்றடித்துத் தானே நூலைச் சேர்த்துவிடும். ஸ்பின்னிங்கில் நூல் நிறைந்த கட்டைகளை எடுத்து வெறும் கட்டை மாட்டுகிற வேலையையும் மிஷினே செய்யும்படி வைக்கிறார். 120 பேரே போதும் என்றாகிறது. 960 மணி நேரத்தில் அதே 8,000 கிலோ. 100 கிலோவுக்கு 12 மணி நேரம்.

பேப்பரில் “உற்பத்தித்திறன் ஏகமாகக் கூடியது” என்று வரும். உள்ளே இருக்கிற 120 பேர் முன்பைவிட ஓடியாடிச் செய்ததால் கூடியதா? இல்லை. வெளியே போன 80 பேர் சோம்பேறிகளா? அதுவும் இல்லை. மிஷினில் போட்ட பணம்தான் அந்த எண்ணை மாற்றியது. அந்த லாபத்தில் 120 பேருக்குச் சம்பளம் கூடியதா, 80 பேருக்கு வேறு வழி கிடைத்ததா என்பதை எச்.ஓ.கே. சொல்லாது. அது நாம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

‘புரொடக்‌ஷன் வரலை’ என்ற திட்டுக்கு வருவோம். ஸ்பின்னிங்கில் சைடராக இருக்கிற பெண்ணின் வேலை, மிஷின் ஓரமாக நடந்துகொண்டே இருந்து அறுந்த நூலைச் சேர்ப்பது. பஞ்சு மட்டமாக இருந்தால் நூல் அதிகம் அறும். ஹாலில் ஈரப்பதம் சரியில்லை என்றாலும் அறும். மிஷினைச் சரியாகச் சர்வீஸ் பண்ணாவிட்டாலும் அறும். அன்றைக்கு அந்தப் பெண் இரண்டு மடங்கு நடந்திருப்பாள், நூல் எடை மட்டும் குறைந்திருக்கும். ஆகவே பிள்ளை திட்டு வாங்கி வந்தால், “என்ன கண்ணு, மசமசன்னு நின்னியா?” என்று நாமும் சேர்ந்து கேட்க வேண்டாம். “இன்னைக்கு நூல் ரொம்ப அறுந்துச்சா? மிஷின் நின்னுச்சா?” என்று கேளுங்கள். அந்த நேரத்தைக் குறித்து வைக்கவும் சொல்லுங்கள்.

இதற்குப் பெரிய சாட்சி நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2008க்குப் பிறகு சில வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கரண்டு கட். 2012ல் கோவைப் பக்கம் ஒரு நாளில் பாதி நேரம்கூடக் கரண்டு இல்லாத நாட்கள் உண்டு. லேத் பட்டறைகளில், விசைத்தறிக் கூடங்களில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், மிஷின் ஓடவில்லை. ஜெனரேட்டர் வைத்த பெரிய கம்பெனி டீசல் செலவோடு ஓட்டியது. வைக்க முடியாத சின்னப் பட்டறை கையைக் கட்டிக்கொண்டிருந்தது. கரண்டு வந்ததும் அதே ஆட்கள், அதே கைகள், பழையபடி உருப்படி போட்டார்கள்.

மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். 2000க்குப் பிறகு ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பெண்களை எடுத்தார்களே, அங்கே நீண்ட நேர வேலை பற்றி நிறையப் புகார் வந்தது. ஒரு ஆள் 12 மணி நேரம் நின்றால் ‘ஒரு ஆளுக்கு இவ்வளவு கிலோ’ என்ற கணக்கு அழகாகத் தெரியும். ‘ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு’ என்று போட்டால் குட்டு உடையும். கடைசி நாலு மணி நேரத்தில் கண் சொருகும், கை தடுமாறும், அடிபடுவதும் அப்போதுதான் அதிகம். மில்லில் ஆளுக்கு எவ்வளவு என்று யாராவது பெருமை பேசினால், எத்தனை மணி நேரத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம்.

பனியன் கம்பெனி லைன்

கோவைக்கு அடுத்த ஊரான திருப்பூருக்கும் நம் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் போகிறது. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். பவர்டேபிளில் லைனாக உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒருவர் தோள் சேர்ப்பார், ஒருவர் கழுத்துப் பட்டி, ஒருவர் கை, ஒருவர் அடிமடிப்பு. எல்லோரும் தங்கள் வேலையை 40 வினாடியில் முடிக்கிறார்கள், கை வைக்கிற ஒருவருக்கு மட்டும் 1 நிமிடம் ஆகிறது என்றால், அந்த லைனில் நிமிடத்துக்கு ஒரு உருப்படிதான் வெளியே வரும். 8 மணி நேரத்துக்கு 480. மற்றவர்கள் என்னதான் பறந்து பறந்து தைத்தாலும் 481 வராது. 40 வினாடி வேலையை நம்பி 720 என்று டார்கெட் போட்டுவிட்டு, கை வைக்கிற பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டினால் அது மேற்பார்வை ஆகாது. அந்த இடத்தில் இன்னொரு மிஷின் போடுவதுதான் மேற்பார்வை. அதே போலத்தான் துணி வராமல் காத்திருப்பது, நூல் கலர் மாற்றுவது, ஊசி முறிவது எல்லாம். டெய்லர் சும்மா இருந்த நேரம் என்று அது அவள் கணக்கில் ஏறிவிடுகிறது.

பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. நல்ல மிஷின் வந்து வேலை சுலபமானால், “இப்பதான் சீக்கிரம் முடியுதே” என்று ரேட்டைக் குறைக்கப் பார்ப்பதும் உண்டு. உற்பத்தித்திறன் கூடினால் கூலி தானாகக் கூடும் என்று யாரும் நம்ப வேண்டாம். கேட்டு வாங்கிய இடத்தில்தான் கூடியிருக்கிறது.

பட்டறை, கம்ப்யூட்டர், ஆஸ்பத்திரி

பம்பு, மோட்டார் தொழிலில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். பெரிய கம்பெனியில் ஒருவர் இரண்டு சி.என்.சி. மிஷினைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த தெருவில் பழைய லேத்தை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் நாள் முழுக்க நின்றாலும் அந்த எண்ணிக்கையைத் தொட முடியாது. கை நுணுக்கத்தில் லேத்காரர் ஒருவேளை கெட்டிக்காரராகவே இருப்பார். ஆர்டர் இல்லாத மாதம் பட்டறை சும்மா கிடக்கும். கொடுத்த சரக்குக்குப் பணம் வர மாதக்கணக்காகும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ம் வருஷச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயந்து கேட்காமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். பணம் முடங்கினால் நல்ல மிஷின் எங்கே வாங்குவது?

ஐ.டி.க்கு வருவோம். 2010ல் கோவையில் டைடல் பார்க் திறந்தார்கள். சரவணம்பட்டிப் பக்கமும் கம்பெனிகள் வளர்ந்தன. அங்கே ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு எப்படி? அவர் எழுதுகிற ஒரு புரோகிராமை ஒருவருக்கும் விற்கலாம், ஆயிரம் பேருக்கும் விற்கலாம். இரண்டாவது ஆளுக்கு விற்க மறுபடி எழுத வேண்டாம். நாம் ஆயிரம் அப்பளம் விற்க வேண்டும் என்றால் ஆயிரத்தையும் தேய்த்தே ஆக வேண்டும். போதாததற்கு அவர் வேலைக்கு டாலரில் காசு வருகிறது. அவர் படிப்புக்குப் பெற்றோரும் அரசாங்கமும் பல வருஷம் செலவழித்திருக்கிறார்கள். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அங்கே போகட்டும். ஆனால் அந்த உயரம் அவர் முதுகு வளைந்த அளவைக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. 6 நோயாளியைப் பார்த்தவர் 12 பேரைப் பார்த்தால் உற்பத்தித்திறன் இரட்டிப்பு என்று எழுதலாம். படுத்திருப்பது நம் அம்மாவாக இருந்தால் அதை ஒப்புக்கொள்வோமா? பால்வாடி டீச்சர், பிள்ளை பிடிக்கும் ஆயா, முடி வெட்டுகிறவர் எல்லோரும் அப்படித்தான். ஒருவருக்கு ஒருவர் கூடவே இருந்து செய்கிற வேலையில் மிஷின் வந்து வேகத்தைக் கூட்ட இடம் குறைவு. துப்புரவுப் பணியாளர் கணக்கு இன்னும் மோசம். அவர்கள் ஒரு வாரம் வேலையை நிறுத்தினால் நகரமே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் விற்கிற சரக்கு எதுவும் இல்லாததால், அவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தையே அவர்கள் வேலையின் மதிப்பு என்று எழுதிக்கொள்கிறார்கள். சம்பளத்தைக் குறைவாகக் கொடுத்துவிட்டு, மதிப்புக் குறைவு என்பது நல்ல வேடிக்கை.

கிரைண்டர் கதை

கோவையின் சொந்தச் சரக்கு வெட் கிரைண்டர். 1955ல் பி.சபாபதி என்பவர் இதை உருவாக்கினார் என்று சொல்கிறார்கள். 2005-06ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் நம் உறுப்பினர் பலர் வீட்டுக்கும் வந்தது.

ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறக்க முடியுமா? குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும். கிரைண்டர் வந்தபின் அரிசியைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கிறோம், பிள்ளைக்குப் பாடம் சொல்கிறோம், குழுக் கூட்டத்துக்கு வருகிறோம். தமிழ்நாட்டுப் பெண்களின் உழைப்பில் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த மிஷின் வேறு எது என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நாட்டுக் கணக்கில் கிரைண்டர் செய்த கம்பெனியின் மதிப்பு மட்டும் ஏறியது. நம் வீட்டில் மிச்சமான நேரம் ஒரு நிமிடம்கூட ஏறவில்லை. ஏனென்றால் வீட்டு வேலையை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2024ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம் என்று வந்தது. செய்கிற ஆண்களுக்கு 88 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஐந்து மணி நேரத்தை முடித்துவிட்டுத்தான் நம் பெண்கள் மில் பஸ் ஏறுகிறார்கள்.

அதே மாவை வீட்டுக்கு ஆட்டாமல் பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொடுத்தால் உடனே அது ‘உற்பத்தி’. மாவு ஒன்று, கிரைண்டர் ஒன்று, கையும் ஒன்று.

குழு மிஷின் வாங்குமுன்

இனி நம் விஷயம். நம்மிடம் இப்போது மிஷினுக்குக் கடன் கேட்டு நிறைய மனுக்கள் வருகின்றன. நல்லதுதான். அந்த அப்பளக் குழுவையே எடுப்போம். மணிக்கு 44 ரூபாய் கிடைத்துக்கொண்டிருந்தது. மிஷின் வாங்கினால் அதே 3,000 ரூபாய்ச் சரக்கை 10 மணி நேர உழைப்பில் முடிக்கலாம் என்று வைப்போம். கடன் தவணையும் கரண்டும் சேர்த்து நாளைக்கு 250 ரூபாய். மிச்சம் 850. அதைப் பத்தால் வகுத்தால் மணிக்கு 85 ரூபாய். கிட்டத்தட்ட இரட்டிப்பு! கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் 5 பேர் வேலை 2 பேருக்கு ஆகிவிட்டது. மீதி 3 உறுப்பினர் எங்கே போவார்கள்? மொத்த வரவும் 1,100லிருந்து 850 ஆகக் குறைந்திருக்கிறது. மில்லில் 80 பேர் போனது நம் குழுவுக்குள்ளேயே நடக்கிறது.

5 பேருக்கும் பழைய 25 மணி நேர வேலை இருக்க வேண்டும் என்றால் சரக்கு இரண்டரை மடங்கு விற்க வேண்டும். அதாவது 7,500 ரூபாய்க்கு. பொருள் செலவு 4,750. மிஷின் அதிக நேரம் ஓடுவதால் தவணையும் கரண்டும் 400 என்று வைப்போம். மிச்சம் 2,350. மணிக்கு 94 ரூபாய், 5 பேருக்கும் வேலை. ஆகவே மிஷின் விலைப்பட்டியலோடு மனு கொடுத்தால் போதாது. கூடுதல் சரக்கை எந்தக் கடை, எந்த ஹாஸ்டல், எந்தச் சந்தை எடுத்துக்கொள்ளும் என்று விசாரித்து எழுதுங்கள். ஆர்டர் இல்லாமல் மிஷின் வாங்கிய லேத் பட்டறைக்காரரின் கஷ்டம் நமக்கு வேண்டாம். மிஷின் பழுதானால் பார்க்க ஆள் பக்கத்தில் உண்டா, அந்த இடத்தில் மூன்று பேஸ் கரண்டு வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரவு செலவு எழுதும் நோட்டில் இந்த மாதம் முதல் இன்னும் இரண்டு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் அன்றைக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுதுங்கள். இன்னொன்றில் கரண்டு இல்லாமலோ, பொருள் வராமலோ சும்மா காத்திருந்த நேரத்தை எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் இருந்தால் மணிக்கு ஒரு கோடு கிழித்தாலும் போதும். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் மனுவோடு அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள், கூட்டமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.